ஓவியத்துக்கு முந்திய அச்சு: டி கிரிக்கோவின் கல்லச்சுத் தாள்கள்

ஜார்ஜோ டி கிரிக்கோ 1913இல் வரைந்த ‘அரியாட்னேயின் பிற்பகல்’ ஓவியம் 2020இல் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 59 லட்சம் டாலருக்குப் போனது. அதே ஓவியர் பென்சிலால் கையெழுத்திட்ட கல்லச்சுத் தாள் ஒன்று, அதாவது லித்தோகிராஃப், ஐரோப்பிய ஏலங்களில் சில நூறு யூரோவிலிருந்து சில ஆயிரம் யூரோவுக்குள் கிடைத்துவிடுகிறது. ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் இது: ஓவியம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அச்சு நூறு உண்டு, ஓவியர் முதலில் துணியில் வரைகிறார், வாங்க வசதியில்லாதவர்களுக்காக அதையே பிறகு அச்சில் போடுகிறார்.

எண்ணிக்கையைப் பற்றிய பாதி சரி. எது முதல், எது பிறகு என்கிற பாதி டி கிரிக்கோ விஷயத்தில் தலைகீழ். அவருடைய பிற்கால ஓவியங்களின் இரண்டு பெரிய கருப்பொருள்கள் கித்தானில் பிறந்தவை அல்ல. கயிற்றில் கட்டப்பட்ட சூரியன் 1930இல் ஒரு கல்லச்சுத் தொகுதியில் தோன்றியது. மரத்தரையாகவே உறைந்துவிட்ட தண்ணீர் 1934இல் இன்னொரு தொகுதியில் வந்தது. ஓவியங்களும் கடைசியில் ஒரு நீரூற்றும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கறுப்பு வெள்ளைத் தாள்களின் மதிப்பே வேறாகிவிடுகிறது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. பிறந்தது 1888இல், கிரேக்கத்தின் வோலோஸ் துறைமுக நகரில். பெற்றோர் இத்தாலியர், அப்பா ரயில்பாதை போடும் பொறியாளர். பொன்னிற ஆட்டுத்தோலைத் தேடி யாசோன் கப்பல் ஏறியது அந்தக் கரையிலிருந்துதான் என்பது கிரேக்கப் புராணம். ரயிலும் புராணமும் ஒரே வீட்டில் இருந்ததால்தானோ என்னவோ, பின்னாளில் அவர் படங்களில் பழங்காலச் சிலைக்குப் பின்னால் புகைவண்டி ஓடும். ஏதென்ஸிலும் மியூனிக்கிலும் ஓவியம் படித்தார், 1911இல் பாரிஸுக்குப் போனார். ஆளில்லாத சதுக்கங்கள், நீண்ட நிழல்கள், முகமில்லாத பொம்மை மனிதர்கள் என்று அவரைப் பிரபலமாக்கிய ‘மெட்டஃபிசிக்கல்’ ஓவியங்கள் எல்லாம் ஏறக்குறைய 1910க்கும் 1919க்கும் இடைப்பட்ட காலத்தவை. கனவையும் ஆழ்மனதையும் கலையாக்க முயன்ற சர்ரியலிஸ்டுகள் அவற்றைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1919இல் அவர் பழைய ஆசான்களின் கைத்திறனுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதி, அந்தத் திசையில் நடக்கவும் தொடங்கினார். அதே சர்ரியலிஸ்டுகள் 1920களின் பிற்பகுதியில் அவரைச் செத்துப்போனவராகவே நடத்தினார்கள். கல்லச்சுத் தொகுதிகள் வருவது இந்தப் பகைக்கு நடுவில்.

முதல் தொகுதிக்குப் பின்னால் ஒரு நட்பு இருக்கிறது. பாரிஸில் டி கிரிக்கோவை முதலில் அடையாளம் கண்டு எழுதியவர்களில் முக்கியமானவர் கவிஞர் கியோம் அப்பொல்லினேர். 1914இல் டி கிரிக்கோ வரைந்த அப்பொல்லினேரின் உருவப்படம் இன்று பாரிஸ் பொம்பிடு மையத்தில் இருக்கிறது. அதில் கவிஞரின் நிழலுருவத்தில் நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒரு வட்டம் குறிக்கப்பட்டிருக்கும். 1916இல் போர்முனையில் அப்பொல்லினேருக்குத் தலையில் காயம் பட்டது. அதை வைத்து அந்தப் படத்தைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லிச் சொல்லி ஒரு கதையே உருவாகிவிட்டது. 1918இல், எழுத்துகளையே படம்போல அடுக்கிய கவிதைகள் கொண்ட ‘கலிகிராம்’ தொகுப்பு வெளிவந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அப்பொல்லினேர் இறந்தார். பன்னிரண்டு வருடம் கழித்து, 1930இல் கல்லிமார் பதிப்பகம் அதே தொகுப்பை டி கிரிக்கோவின் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லச்சுப் படங்களோடு குறைந்த பிரதிகளில் கொண்டுவந்தது.

கவிதைக்குப் படம் போடச் சொன்னால் பெரும்பாலானவர்கள் கவிதையில் உள்ளதை வரைவார்கள். டி கிரிக்கோ அப்படிச் செய்யவில்லை. 1913, 1914 வாக்கில் நண்பரின் கவிதைகளைப் படித்துக்கொண்டிருந்த நாட்களுக்கே மனதால் திரும்பிப்போனார். அந்தக் கவிதைகளில் சூரியனும் விண்மீன்களும் அடிக்கடி வரும். கூடவே இத்தாலியின் நகரங்களும் இடிபாடுகளும் அவர் நினைவில் இருந்தன. இரண்டும் கலந்து ஒரு புது உருவம் வந்தது. சூரியன் வானத்தை விட்டு வீட்டுக்குள் இறங்கிவிடுகிறது. அதிலிருந்து ஒரு கயிறு, மின்கம்பி போல வளைந்து வளைந்து, சன்னல் வழியாக வெளியே போகிறது. வெளியே வானத்தில் தொங்குவது அந்தச் சூரியனின் அணைந்துபோன கரிய உருவம். பிறைநிலவுக்கும் இதே கதி. ஒரு கவிஞனுக்குச் செலுத்தும் அஞ்சலியாக இதைவிடப் பொருத்தமான படத்தை நான் பார்த்ததில்லை. ஒளி இன்னும் இங்கே அறைக்குள் எரிகிறது, ஆனால் அது கட்டப்பட்டிருக்கும் இடம் இருண்டுவிட்டது. கவிதைகளின் பெயரைக்கூடப் பார்க்காமல் இந்தப் படங்களை மட்டும் வரிசையாகப் புரட்டினாலும் இது புரியும்.

இரண்டாவது தொகுதி இன்னும் விசித்திரமானது. எழுத்தாளர் ழான் கோக்தோ, சர்ரியலிஸ்டுகள் டி கிரிக்கோவைத் தூற்றிய காலத்தில் அவர் பக்கம் நின்றவர். 1928லேயே அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி, டி கிரிக்கோவின் படங்களோடு வெளியிட்டார். 1934இல் பாரிஸின் கத்ர் ஷெமான் பதிப்பகம் கோக்தோவின் ‘மித்தாலஜி’யை டி கிரிக்கோவின் பத்துக் கல்லச்சுகளோடு 120 பிரதிகள் அச்சிட்டது. தலைப்பு புராணம் என்பதால் நாம் எதிர்பார்ப்பது தேவர்களையும் வீரர்களையும். தாள்களில் இருப்பது குளியல் துறை. கால்கள் மேல் நிற்கும் மரக் கூண்டுகள், அவற்றிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் ஏணிகள், குட்டிக் குட்டி நீச்சல் தொட்டிகள், ஒரு அன்னப்பறவை. இடுப்பளவு நீரில் நிர்வாணமாக நிற்கும் ஆண்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே, முழு சூட்டும் தொப்பியும் போட்ட கனவான்கள் ஒன்றும் நடக்காதது மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் எல்லோர் கண்ணையும் நிறுத்துவது அந்தத் தண்ணீர். அலை இல்லை, நுரை இல்லை, பளபளப்பும் இல்லை. மரப்பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மீன்முள் போல அடுக்கிப் பதித்த ஐரோப்பிய வீட்டுத் தரை இருக்கிறதே, அதே கோணல்மாணல் கோடுகளால் தண்ணீரை நிரப்பிவிட்டார். இதற்கு அவரே பின்னாளில் ஒரு விளக்கம் சொன்னார். ஒரு வீட்டில் மெழுகு போட்டு நன்றாகத் தேய்த்த தரையில் ஒருவர் நடந்து போவதைப் பார்த்தாராம். நடப்பவரின் கால்கள் தரையில் அப்படியே பிரதிபலித்தன. அந்த ஆள் தரைக்குள் இறங்கி, ஒரு குளத்தில் போல நீந்தவும் முடியும் என்று அந்தக் கணத்தில் தோன்றியதாம். அவ்வளவுதான். கிரேக்கப் புராணத்தை விளக்க அவருக்கு ஒரு தரையின் பளபளப்பு போதுமாக இருந்தது. எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், அந்தப் பளபளப்பை அவர் வரையவே இல்லை. தரையை அப்படியே வைத்துக்கொண்டு, அதைத் தண்ணீர் என்று நம்மை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்.

இந்தக் கற்பனை ஏன் கித்தானில் வராமல் கல்லில் வந்தது? கல்லச்சு நடக்கும் விதத்தைப் பார்த்தால் ஓரளவு புரியும். 1790களின் கடைசியில் மியூனிக்கில் அலோயிஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் ஊரில் கிடைக்கும் மிக நுண்ணிய சுண்ணாம்புக்கல்லைச் சமமாகத் தேய்த்து, அதன் மேல் கொழுப்புச் சேர்த்த கறுப்புக் கிரேயானால் வரைகிறார்கள். பிறகு கோந்தும் கொஞ்சம் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுகிறார்கள். கோடு விழுந்த இடம் எண்ணெயை ஏற்கும். விழாத இடம் தண்ணீரை ஏற்கும். கல்லை நனைத்துவிட்டு மையை உருட்டினால், ஈரமான இடம் எண்ணெய் மையைத் தள்ளிவிடுகிறது, கோட்டில் மட்டும் மை ஒட்டுகிறது. தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறித் தாளுக்கு வந்துவிடும். மரக்கட்டை அச்சு போலச் செதுக்க வேண்டாம், செப்புத் தகட்டு அச்சு போலக் கீற வேண்டாம். காகிதத்தில் பென்சில் பிடிக்கத் தெரிந்தவர் கல்லிலும் வரையலாம். கையின் வேகம், அழுத்தம், தயக்கம் எல்லாம் அப்படியே பதிவாகும்.

1930களில் டி கிரிக்கோவின் எண்ணெய் ஓவியம் இந்த வேகத்துக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. பழைய ஆசான்களின் வண்ணக் கலவை, மெருகெண்ணெய், அடுக்கடுக்கான பூச்சு என்று அவர் மூழ்கியிருந்த காலம். அந்தக் கனமான வேலைக்கு நடுவே, புத்தகத்துக்கான சின்னப் படங்கள் அவருக்கு மூச்சு விட ஓர் இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நிறம் கிடையாது, கோடு மட்டும்தான். தண்ணீரைக் கோடாகவே யோசிக்க வேண்டிய கட்டாயம் அங்கே இருந்தது. வண்ணம் கையில் இருந்திருந்தால் நீலத்தைப் பூசிவிட்டுப் போயிருப்பார், இந்தத் தரைத் தண்ணீர் நமக்குக் கிடைத்திருக்காது.

அப்புறம் இந்த இரண்டு கருப்பொருளும் பயணம் கிளம்பின. ‘மர்மக் குளியல்கள்’ என்ற பெயரில் 1930களின் நடுவில் குளியல் துறைகள் எண்ணெய் ஓவியங்களாயின. 1968இல் வரைந்த ‘யுலிசீஸின் திரும்புகை’யில் ஒரு வரவேற்பறைத் தரையின் நடுவே கடல் ஒரு குட்டை அளவுக்குத் தேங்கி நிற்கிறது, அதில் கிரேக்கக் காவிய நாயகன் யுலிசீஸ் படகு வலிக்கிறார், சுற்றிலும் நாற்காலியும் அலமாரியும். பெயரில் குளியல் இல்லாவிட்டாலும் தரையும் தண்ணீரும் ஒன்றாகும் அதே யோசனைதான். கட்டப்பட்ட சூரியன்கள் 1960களின் கடைசியிலும் 1970களிலும் பெரிய வண்ண ஓவியங்களாகத் திரும்பின. நாற்பது வருடம் முன்பு ஒரு புத்தகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூரியன் இப்போது ஓவியச் சட்டகத் தாங்கியில் ஏறி உட்கார்ந்தது. 1973இல் மிலான் திரியென்னாலே கண்காட்சிக்காக செம்பியோனே பூங்காவில் குளியல் துறையையே நீரூற்றுச் சிற்பமாக்கினார். தொட்டி, நீந்துபவர்கள், கூண்டு, அன்னம், மீன், பந்து எல்லாம் அதில் உண்டு. அப்போது அவருக்கு 85 வயது. 120 பிரதிகள் மட்டுமே அச்சான ஒரு தொகுதியின் படம் கடைசியில் ஒரு நகரத்தின் பொது இடத்தில் போய் நின்றது.

இதோடு முடிந்திருந்தால் சேகரிப்பவர்களுக்குச் சிக்கலே இல்லை. ஆனால் அதே கடைசிப் பத்தாண்டில் ரோமில் அவர் பெயரில் ஏராளமான வண்ணக் கல்லச்சுகளும் வெளியாயின. கடற்கரையில் நிற்கும் குதிரைகள், கிளாடியேட்டர்கள், தொல்பொருள் ஆய்வாளர்கள், இத்தாலியச் சதுக்கங்கள், ட்ராய் போர்க் கதையின் ஹெக்டரும் அந்த்ரோமாகேயும், சூரியன்கள், மர்மக் குளியல்கள். கீழே பென்சிலில் கையெழுத்தும் எண்ணும் இருக்கும். இன்று ஏலத்தில் ‘டி கிரிக்கோ லித்தோகிராஃப்’ என்று வருபவற்றில் பெரும்பங்கு இவைதான். இவற்றில் பலவும் ஏற்கெனவே பெயர்பெற்ற ஓவியங்களின் உருவங்களைத் திரும்பச் சொல்பவை. ஆக, கல்லச்சில் பிறந்து ஓவியமான உருவம், அந்த ஓவியத்தின் புகழால் மறுபடி கல்லச்சானது. கலைச்சந்தை வழக்கப்படி இரண்டும் ‘அசல் கல்லச்சு’. பிறந்த காரணம் மட்டும் இரண்டுக்கும் வேறு. எண்பது வயதைத் தாண்டிய ஓவியர், பல நிறம், நிறத்துக்கு ஒரு கல் அல்லது உலோகத் தகடு, அனுபவமுள்ள அச்சுக்கலைஞர்கள் என்ற சூழலில் எல்லாத் தாளிலும் அவர் கை ஒரே அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

திரும்பச் செய்வதில் டி கிரிக்கோவுக்குக் கூச்சமே இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘அமைதி குலைக்கும் கலைத்தேவியர்’ என்ற புகழ்பெற்ற ஓவியத்தை அவரே ஒரு டஜனுக்கும் மேல் மறுபடி வரைந்திருக்கிறார். சில பிற்கால ஓவியங்களுக்கு முந்திய தேதியும் போட்டார். சில பழைய ஓவியங்களைத் தன்னுடையதே இல்லை என்றும் சொன்னதுண்டு. இன்னொரு பக்கம், வெளியாட்கள் செய்த போலிகளும் அவரை விடாமல் துரத்தின. 1946இல் பாரிஸில் அவர் பெயரில் நடந்த ஒரு கண்காட்சியை அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்தக் கண்காட்சியில் போலிகள் இருந்தது உண்மையும்கூட. இவ்வளவையும் பார்த்துவிட்டு அவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. முந்திய தேதி போட்டதை நியாயப்படுத்த முடியாது, அது வாங்கியவர்களுக்குச் செய்த துரோகம். ஆனால் ஒரு உருவத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து வேறு பொருளில், வேறு அளவில் வைத்துப் பார்ப்பது அவருடைய யோசிக்கும் முறையாகவே இருந்தது. கல்லச்சிலிருந்து நீரூற்று வரை போன பாதையே அதற்குச் சாட்சி.

சரி, ஒரு தாள் கையில் வந்தால் எதைப் பார்ப்பது? பெரும்பாலானவர்களின் கண் நேராகக் கையெழுத்துக்குப் போகிறது. டி கிரிக்கோ விஷயத்தில் அது தவறான தொடக்கம். 1930, 1934 தொகுதிகள் புத்தகங்களாக வந்தவை. அந்தக் காலத்துச் சொகுசுப் பதிப்புகளில் கையெழுத்து பொதுவாகப் பிரதி எண் குறிக்கும் பக்கத்தில்தான் இருக்கும், ஒவ்வொரு படத்திலும் இருக்காது. அதனால் கையெழுத்தே இல்லாத 1930ஆம் ஆண்டுத் தாள் முழுக்க முழுக்க உண்மையானதாக இருக்கலாம். அப்படிப்பட்ட தாளில் ஓரத்தில் புதிதாக ஒரு பென்சில் கையெழுத்து இருந்தால்தான் யார், எப்போது போட்டது என்று கேட்க வேண்டும். ஓவியர் கையெழுத்து எவ்வளவு மலிவாகிவிட முடியும் என்பதற்கு ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலியின் உதாரணம் போதும். 1974இல் பிரெஞ்சு சுங்கத்துறை மறித்த ஒரு லாரியில், டாலி கையெழுத்து மட்டும் போட்ட சுமார் 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன.

கையெழுத்தை விட்டுவிட்டு முதலில் கோட்டைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி போதும். கல்லில் கிரேயானால் வரைந்த கோடு, கல்லின் மணல்தன்மையால் ஒழுங்கில்லாத சின்னச் சின்னத் துணுக்குகளாக உடைந்து தெரியும். கோடுகளுக்குப் பதில் ஒரே இடைவெளியில் அணிவகுத்த புள்ளிகள் தெரிந்தால் அது ஏதோ ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து ஆஃப்செட் என்ற இயந்திர அச்சில் அடித்த பிரதி. ஆஃப்செட்டும் எண்ணெய், தண்ணீர் தத்துவத்தில்தான் ஓடுகிறது என்பதால் அதையும் ‘லித்தோ’ என்று சொல்லி விற்பதில் நேரடிப் பொய் இல்லை. வாங்குபவர்கள் ஏமாறும் இடமும் அதுதான். அருங்காட்சியகச் சுவரொட்டியில் ஓவியரின் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும். பூதக்கண்ணாடியில் அந்தக் கையெழுத்தும் புள்ளிகளாகத் தெரியும்.

அடுத்து தாள். வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீர்க்குறி எந்த ஆலையுடையது, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, பதிப்பாளரின் மை இல்லாத அழுத்து முத்திரை உண்டா என்று பார்க்க வேண்டும். பிற்கால வண்ணத் தாள்களில் எண் 35/99 என்பதுபோல இருக்கும். ரோமன் எண்ணில் தனித் தொடர் இருந்தால் அதே படம் வேறு பிரதிகளாகவும் வந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் மேல் ஓவியருக்கான பிரதிகள், விற்பனைக்கில்லாத பிரதிகள் என்று தனித்தனிக் குறியோடு வரும். ஆகவே 99 என்ற எண் மட்டும் மொத்தத்தைச் சொல்லாது. சட்டகத்துக்குள் பல வருடம் வெயில் பட்டுப் பழுத்த தாள், அட்டையோடு பசை போட்டு ஒட்டிய தாள் இரண்டையும் விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். சரிசெய்யும் செலவு விலையைத் தாண்டிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பட்டியல்கள் இருக்கின்றன. 1921 முதல் 1969 வரையிலான அச்சுப் படைப்புகளுக்கு அல்ஃபோன்சோ சிரான்னா தயாரித்த பட்டியல் அடிப்படை. 1969–1977 காலத்து அச்சுகளுக்குப் பின்னர் தனிப் பட்டியல்கள் வந்தன. ரோமில், ஸ்பானிய சதுக்கத்தில் டி கிரிக்கோ வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அவர் பெயரில் 1986இல் தொடங்கிய அறக்கட்டளை அங்கிருந்து இயங்குகிறது. விற்பவர் தாளின் பட்டியல் எண்ணைச் சொல்லத் தயங்கினால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

1970களின் வண்ணத் தாளா, 1934இன் கறுப்பு வெள்ளைத் தாளா என்று கேட்டால் நான் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். வண்ணத் தாள் சுவரில் அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் 1934இன் தாளில் அந்த உருவம் இன்னும் எங்கும் போயிருக்கவில்லை; அது பின்னால் என்னவாகப் போகிறது என்று ஓவியருக்கே தெரியாத நேரத்தில் விழுந்த கோடு அது. இதில் ஒரு வருத்தமும் உண்டு. தனித் தாள்களாக விற்றால் லாபம் அதிகம் என்பதால் இந்தப் புத்தகங்கள் பல வருடங்களாகப் பிரிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. பத்துத் தாள்களும் கோக்தோவின் எழுத்தும் சேர்ந்ததுதான் ஒரு படைப்பு. கலையாத பிரதி கிடைத்தால், அது ஓவியரின் கையெழுத்துள்ள பக்கத்தோடு கிடைத்தால், பல வண்ணத் தாள்களுக்கு ஆகும் பணத்தைச் சேர்த்து அதற்குக் கொடுக்கலாம். வாங்கிய பிறகு அதைப் பிரிக்காமல் வைத்திருக்கவும் வேண்டும்.